மின்னாத பொத்தான்கள்

“இன்னாம்மா இது? உள்ள ஏழு மெஷினும் தீபாவளி மாதிரி மின்னுது. இது மட்டும் தூங்கி வழியுது?”

வெங்கட் போட்ட சத்தத்தில், வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

குமணன்சாவடியில் அவருடைய கேம் சென்டருக்கு அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திறப்பு விழா. எட்டுப் பழைய மெஷின்களை வாங்கி, பொத்தான்களுக்கெல்லாம் எல்.இ.டி. விளக்கு போடும் வேலையை அம்பத்தூர் உஸ்மாவிடம் கொடுத்திருந்தார். கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பட்டறை போட்ட பெண். இதுதான் அவளுக்கு முதல் பெரிய வேலை. இது நன்றாக அமைந்தால் அடுத்து ஆவடியில் திறக்கப்போகும் கடையும் அவளுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை படு சுத்தம். ஒவ்வொரு பொத்தானையும் கழற்றி, உள்ளே கருகிக் கிடந்த பல்பைப் பிடுங்கி, சிவப்பு மூடிக்குச் சிவப்பு விளக்கு, பச்சைக்குப் பச்சை என்று தேடித் தேடிப் போட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் வெள்ளை விளக்கைச் செருகிவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். அதில் சிவப்பு மூடி சோகை பிடித்த மாதிரி தெரியும்.

தகராறு எட்டாவது மெஷினில்தான். வாசலை ஒட்டிய முன்னறையில் அதை மட்டும் தனியாக வைத்திருந்தாள். திரைகூட இல்லாத மெஷின். எந்தப் பொத்தான் எரிகிறதோ, அணைவதற்குள் அதை அடிக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதில் பொத்தான்கள் மின்னவே இல்லை. மெதுவாக வெளிச்சம் ஏறி, மெதுவாக இறங்கியது.

“மச்சான், வோல்டேஜ் இல்லாத ஊட்ல பல்பு எரியற மாதிரி கீது” என்று சிரித்தார் கூட்டாளி ஸ்ரீகாந்த்.

வெங்கட்டுக்கு மானமே போய்விட்டது.

“வேணும்னுதான் சார் அப்படி வெச்சேன்” என்றாள் உஸ்மா. “மின்ன வைக்க அஞ்சு நிமிஷம் போதும். இப்படி ஏத்தி இறக்கத்தான் ரெண்டு நாள் உக்காந்தேன்.”

“யாரு கேட்டா உன்ன?”

உஸ்மா ஒரு நொடி தயங்கினாள். “கண்ணு கூசறவங்களும் வருவாங்களே சார்.”

“கூசினா ஊட்லயே கெடக்கட்டும்! என் கடைக்கு இன்னாத்துக்கு வரணும்?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். குனிந்து மெஷினின் பின்கதவைச் சாத்தினாள்.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. ஆவடி கடைக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். சாமானை எடுத்துக்கினு கெளம்பு.”

உஸ்மாவின் கண் கலங்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவர், ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இந்த ஒரு மெஷினை மட்டும் மாத்தாதீங்க சார். உள்ளயும் தூக்கிட்டுப் போயிடாதீங்க.”

“திமிரப் பாத்தியா! போறப்பவும் ஆர்டர் போடுது” என்றார் வெங்கட், அவள் காதில் விழும்படியே.

அவள் தலை மறைந்ததும், சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் நாகேந்திரனைக் கூப்பிட்டார். “அண்ணாத்தே, இத்தயும் மத்ததுங்க மாதிரி மின்ன வுடு.”

நாகேந்திரன் மெஷினின் பின்கதவைத் திறந்து பார்த்தார். ஒயர்கள் ஒன்றோடொன்று உரசாமல், ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி, சடை பின்னியதுபோல் இருந்தன.

“இன்னா வேல சார் இது! கை வெக்கவே மனசு வரல.”

“கழட்டுய்யா, மணி அஞ்சாவுது.”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெங்கட்டின் மனைவி கஸ்தூரி இறங்கினாள். பின்னாலேயே மகள் தன்ஷிகா. ஆறாம் வகுப்பு படிக்கிற பெண்.

வெங்கட் முகம் மாறிவிட்டது. மனைவியின் பக்கம் போய், “இவள எதுக்கு இட்டாந்த?” என்று பல்லைக் கடித்தார்.

“போன வாரம் உங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்தப்போ, வாசல்ல அந்த உஸ்மாவோட பேசிக்கினு இருந்தா. அதுலேந்து ஒரே அடம். முன் ரூமுக்கு மட்டும் போறேன், உள்ள போவமாட்டேன்னு சத்தியம் பண்ணா.”

அதற்குள் தன்ஷிகா முன்னறைக்கு ஓடிவிட்டாள். மெஷின் முன்னால் நின்றாள். சிவப்புப் பொத்தானில் வெளிச்சம் ஏறியது. அடித்தாள். பச்சை ஏறியது. அடித்தாள். பத்து அடித்தாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. குதித்துக் குதித்துச் சிரித்தாள்.

மகள் இப்படிச் சிரித்து வெங்கட் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. நாகேந்திரன் கையிலிருந்த கட்டிங் பிளேயரை ஓரமாக வைத்துவிட்டார்.

“சூப்பர்மா!” என்று கை தட்டினார் ஸ்ரீகாந்த்.

தன்ஷிகா அவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதோரம் கிசுகிசுத்தாள்.

“லைட்டு மின்னினா எனக்கு ஃபிட்ஸ் வரும்ல, அதுக்குத்தாம்பா உஸ்மா அக்கா இத எனக்காகச் செஞ்சாங்க. வெளிய தெரிஞ்சா அப்பாவுக்கு அவமானம்னு சொன்னேன். ‘எனக்கு எவ்ளோ திட்டு வுழுந்தாலும் வாயத் தொறக்க மாட்டேன்’னாங்க… அக்கா யார்கிட்டயும் சொல்லல தானேப்பா?”