ஒரு சாண் தள்ளி

“குண்டு பட்டா பொண்ணு, தம்பி. படாட்டா டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க” என்று துப்பாக்கியை நீட்டினார் ராஜமாணிக்கம்.

பெண் பார்க்க வந்த பன்னீர்செல்வம் அதை வாங்கிக்கொண்டான். சிப்பிகாட் பண்ணையில் அவனுக்கு வேலை. தென்னங்கன்று இறக்க இந்த வீட்டுக்குப் பலமுறை வந்தவன்தான். ராஜமாணிக்கத்தின் மகள் மரகதம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவனை விட்டால் வேறு யாரையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பாயிண்ட் டூ-டூ துப்பாக்கி மூத்த பிள்ளை மாதிரி. சர்க்கார் கொடுத்த நிலத்தில் நெல் தலைகாட்டியதுமே புள்ளிமான்கள் பந்திக்கு வந்துவிட்டன. லைசென்ஸ் எடுத்து வாங்கினார். அன்றிலிருந்து போல்ட்டுக்கு எண்ணெய், கட்டைக்கு ஸ்க்ரூ இறுக்கல், ட்ரிகருக்கு அரம் என்று ஒரே சீராட்டல்தான். தன் தலைக்கு வாங்கிய எண்ணெயைவிட அதற்கு வாங்கியதுதான் ஜாஸ்தி என்று அவர் மனைவி ஜெயலட்சுமி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையாக வருகிறவனிடம் சம்பளம் கேட்கமாட்டார், ஜாதகம் கேட்கமாட்டார். வேலிக்கம்பில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுச் சுடச் சொல்வார். மான் மேய்கிற ஊரில் குறி பார்த்து அடிக்கும் நிஷானா தெரியாதவன் என்ன குடும்பம் நடத்துவான் என்பது அவர் கட்சி.

இதற்குமுன் வந்த மூன்று பேருக்கும் படவில்லை. ஷாதிபூர் காண்ட்ராக்டர் மகன் என்.சி.சி.யில் மெடல் வாங்கியவன். துப்பாக்கியில்தான் கோளாறு என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார் ராஜமாணிக்கம்.

ஆனால் கூடம் கோணல்தான். அது மரகதத்துக்குத் தெரியும். துப்பாக்கியைத் துடைத்து வைப்பவளும், வயலில் கிளி விரட்டச் சுடுபவளும் அவள்தானே. நேராகக் குறி வைத்தால் குண்டு ஒரு சாண் இடது பக்கம் போனது. குறி பார்க்கும் பின்பக்க சைட் நகர்ந்திருந்தது. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். பிடிக்காத மூன்று பேரும் தானாகக் கழன்று போனார்களே, அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

போன வாரம் கன்று இறக்க வந்தவனிடம் மட்டும், அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “ஒரு சாண் வலது பக்கம் தள்ளிப் பிடிங்க. ஏன்னு கேக்காதீங்க.”

இப்போது பன்னீர்செல்வம் சிரட்டையை விட்டுவிட்டு வெறும் ஆகாயத்தைக் குறிபார்த்தான். சிரட்டை அந்தப் பக்கம் இருக்கிறது தம்பி என்று ஜெயலட்சுமி பதறினாள். ராஜமாணிக்கம் அவளைக் கையமர்த்தினார்.

சிரட்டை சிதறியது.

மரகதத்துக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெயலட்சுமி கேசரி எடுக்க ஓடினாள். பன்னீர்செல்வத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவன், “மாமா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன்...” என்று ஆரம்பித்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணும் சொல்ல வேணாம் மாப்ளே” என்றார் ராஜமாணிக்கம். இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பின்பக்க சைட்டை நடுவுக்குத் தள்ளி இறுக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“யாரைப் பிடிச்சிருக்குன்னு உன்கிட்ட நேராக் கேக்க எனக்கு வாய் வரல, கண்ணு. அதான் வரன் பாக்க ஆரம்பிச்ச அன்னைக்கே இதை நகர்த்தி வச்சேன். நீ சொல்லிக் குடுக்கிறவனுக்கு மட்டும்தானே படும்?”