எல்லாம் தெரிந்தவள்

தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையின் தகரக் கூரையில் மழை இரைகிறது. கிருஷ்ணவேணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்தியிருக்கிறாள். மீன் வியாபாரிகளுக்கான ஒரு செயலியைச் சந்தைக்குக் கொண்டுபோவது அவள் வேலை. இந்த வருடமும் பதவி உயர்வு இல்லை என்று மேலாளர் சுனில் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார். “ஒனக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அறியும். ஒண்ணுலயும் ஆழம் போரா, பத்தல.” “போன வருஷம் நீங்கதானே சார் எல்லாம் படிக்கச் சொன்னது? கணக்கு தெரியல, மேடையில பேச வரலன்னீங்க. ரெண்டும் படிச்சேனே.” “அது போன வருஷம் அல்லே.”

பேருந்தின் முகப்பு வெளிச்சம் நனைந்த சாலையில் மஞ்சளாக நீண்டு அவள் செருப்பு வரை வருகிறது. டீயில் ஆடை படிந்துவிட்டது. சுனிலின் குரல் இளகுகிறது. “பின்னே, நாளைக்கு விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துல செயலி அறிமுகம் உண்டுல்லா. பேச வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். பேச்சு, நோட்டீஸ், கணக்கு எல்லாம் நீயே பாத்துக்கோ. எல்லாம் தெரிஞ்ச ஆள் வேற ஆரும் இல்ல.”

அவள் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். “நாளைக்கு நான் லீவு, சார்.”

போனை மேசையில் வைக்கிறாள். அது உடனே அதிரத் தொடங்குகிறது. பழக்கத்தில் அதன் பக்கம் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.