ஜெயிச்சாதான் வீசணும்

டிரெஸ்ஸா மூன்று டாய்லெட் பேப்பர் ரோல்களைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கல்லூரி முனைக்கு வந்தாள்.

கல்லூரி அணி ஜெயித்தால் ஹார்லன் ஊரே திரண்டு வந்து முனையிலிருக்கும் ஓக் மரத்தின் மேல் பேப்பர் வீசும். மரம் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். இன்றோ, ஊரே பார்த்த கூடைப்பந்து இறுதிப் போட்டியில் படுதோல்வி. மரத்தடியில் எல்லோரும் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

அவள் முதல் ரோலை வீசினாள். குறி தப்பாமல் உச்சிக் கிளையில் மாட்டி, வெள்ளை வாலாய்த் தொங்கியது.

"ஏய், யாருடி அது? தோத்த அன்னைக்கு வீசுறே, நக்கலா?"

"எதிர் டீம் ஆளா இருப்பா. விடாதீங்க, பிடிங்க!"

கூட்டம் சூழ்ந்தது. போலீஸ்காரர் ஓடெல் குறுக்கே வந்தார்.

"பாப்பா, அடி வாங்காம வீட்டுக்குப் போயிடு. ஜெயிச்சாதான் இங்க வீசணும்."

"தெரியும் சார். நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்." இரண்டாவது ரோலையும் வீசினாள்.

"நாமதான் தோத்துட்டோமேம்மா!" என்றார் ஓடெல்.

"பசங்க தோத்தாங்க. பழைய ஜிம்ல பொண்ணுங்களுக்கும் இன்னிக்குத்தான் ஃபைனல். பார்க்க ஒரு ஈ காக்கா வரல. ஆனா கப்பு நமக்குத்தான்."

"உனக்கு யாரு சொன்னா?"

டிரெஸ்ஸா கோட்டைக் கழற்றினாள். உள்ளே கல்லூரிப் பெயர் போட்ட ஏழாம் நம்பர் பனியன், வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

கடைசி ரோலை ஓடெலிடம் நீட்டினாள்.

"நீங்க வீசுறீங்களா, இல்ல இதையும் நானே வீசட்டுமா?"