ஜீப்பில் ஏற ஒரு படி

பெரிய டயர்களும் வண்டியை உயர்த்தும் புது ஷாக் அப்சார்பர்களும் மாட்டியதும், என் மகன் நவநீதனின் ஜீப் எனக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

“இனிமே கோயிலுக்கு பஸ்லயே போய்க்குங்கம்மா.”

“ஏற ஒரு படி வச்சா என்னடா?”

“இந்த டயருக்குப் படி மாட்ட முடியாதும்மா.” அவன் முகம் வாடியது. எனக்கே பாவமாக இருந்தது.

அவனுக்குத் தெரியாமல் படி செய்து அசத்தலாம் என்று, சிங்கப்பூரின் வடகோடியில் உட்லண்ட்ஸில் அவன் டயர் மாற்றிய பட்டறைக்குப் போனேன்.

“நவநீதன் ஜீப்புக்கு ஒரு படி வேணும் தம்பி.”

மெக்கானிக் மூலையைக் காட்டினார். ஜோடிப் படிகள் புத்தம் புதிதாகக் கிடந்தன.

“நாங்க மாட்டித்தான் வச்சிருந்தோம். அவருதான் கழட்டச் சொன்னாரு. அம்மா தவறிட்டாங்க, இனிமே யாரு ஏறப் போறான்னாரு. ரொம்பப் பாவம் லா. ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும் ஆன்ட்டி?”

“தெரிஞ்சவங்க,” என்றேன்.