இருபத்து மூன்றாவது வாரம்

எழுத்தாளர் வசுமதி நாற்பது வருடம் கழித்து அக்கா வீட்டுப் பரணிலிருந்து அந்தப் புத்தகத்தை இறக்கினாள். பத்திரிகையில் வந்த தொடர்கதையை அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைத்தது. வசுமதிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் லோகா அக்காதான் அதை மடியில் விரித்து வாசித்துக் காட்டுவாள். அதில் ஒரு காட்சி. தப்பியோடும் சிறுமி பாழுங்கிணற்றுக்குள் தன் பெயரைக் கத்திவிட்டு, எதிரொலி எழும்புவதற்குள் ஓடிவிடுவாள். துரத்தி வந்தவர்கள் அவள் உள்ளே இருப்பதாக நம்பிக் கிணற்றடியிலேயே காத்துக் கிடப்பார்கள். அந்தக் காட்சிதான் தன்னை எழுத வைத்தது என்று வசுமதி எல்லாப் பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறாள். ஒன்பது நாவல் எழுதியும் அப்படி ஒன்று அவளுக்கு அமையவில்லை.

இப்போது புரட்டினால் கிணறே இல்லை. இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு இருபத்து நான்கு வந்தது. அந்த வாரப் பத்திரிகை வீட்டுக்கு வராமலே போயிருக்க வேண்டும். அப்படியானால் அன்று அக்கா பக்கத்தைப் பார்த்தபடி வாசித்தது எதை?

வசுமதிக்கு வயிறு எரிந்தது. ஒரு கடிதம்கூட முழுசாக எழுதாத அக்கா, அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, கிணத்துக் கதை வந்துருச்சா?”

“வந்துச்சுக்கா. இப்பப் படிச்சா ரொம்பச் சுமாராத்தான் இருக்கு.”

லோகா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனேடி.”