உப்புக்குத் தாங்கும் ரீல்

பெரிய துரையின் தூண்டில் ரீலை இக்னேசியஸ் நாக்கால் நக்கிக்கொண்டிருந்ததை ராசம்மா தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

பங்களாச் சமையல்காரன் துரைக்கு வால்பிடிப்பான் என்று தோட்டத்துக்கே தெரியும். இந்த அளவுக்குப் போவான் என்று யாரும் நினைக்கவில்லை.

"என்னண்ணே இது கண்றாவி?"

"உப்பு போச்சான்னு பாக்குறேன் புள்ள. எத்தனை தரம் கழுவுனாலும் கரிக்குது."

பங்களாக் குசினிக்குப் பின்னால் மூன்று வாளி உப்புத் தண்ணீர். பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி நுவரெலியாக் கடைக்காரன் அனுப்பிய மூன்று ரீல்களையும் அதில் ஊறப்போட்டிருந்தான். ஒன்று முதல் நாளே இறுகி உயிரை விட்டிருந்தது.

துரை, இறகைப் பூச்சி மாதிரி கட்டி வீசி மீனை ஏமாற்றுகிறவர். ஓடை மீனை ஏமாற்றி அலுத்துப்போய், போன வருடம் இரண்டு வார லீவில் திருகோணமலைக் கடலுக்குப் போனார். ஓடைக்கு வாங்கிய ரீலை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. போன வேகத்தில் திரும்பி வந்து, மீன் மேல் இருந்த கோபத்தைத் தோட்டத்தின் மேல் காட்டினார். இந்த வருடமும் கடலுக்குப் போகிறார்; அதற்குத்தான் புது ரீல்.

ராசம்மா ரீல் பார்க்க வரவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று இரண்டு றாத்தல் கூடக் கழிக்கிறீர்களே, ஏன் என்று கேட்டுவிட்டாள். அதற்குத் துரை மாதத் தொடக்கத்திலேயே வேலைப் பதிவேட்டிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார். பேர் இல்லாதவளுக்கு வேலையும் இல்லை, லயத்தில் குடியிருக்க ஒற்றை அறைக் காம்பராவும் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மாதக் கடைசியில் இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் ரோட்டில் நிற்க வேண்டும்.

துரை வெளியே வந்தார்.

"தொரைங்களே, எம் பேரை..."

"பேர் இல்லே. மாசக் கடைசி காம்பரா காலி."

அவ்வளவுதான் அவள் வழக்கு. துரை வெள்ளியாய் மின்னிய ரீலைக் கையில் எடுத்தார்.

"இக்னேசியஸ், இது ரொம்ப அழகு. இது எடுக்கிறது."

"ஐயையோ, வேணாங்க தொரைங்களே! உள்ள பாருங்க, அச்செல்லாம் துரு. இந்தக் கறுப்பு ரீலைப் பாருங்க, ஒரு வாரம் ஊறியும் புதுசாட்டம் சுத்துது."

"அது சட்டி மாதிரி இருக்கு."

"தொரைங்க கையில ஏறுனா எல்லாம் அழகுதானுங்க. மீனுங்க தானா வந்து மாட்டும்."

துரை தன் கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கறுப்பு ரீலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ராசம்மாவுக்கு இவன் யாரோ எவனோ இல்லை. பக்கத்துக் காம்பராக்காரன். அவள் பிள்ளைகள் வாய் நிறைய மாமா என்று கூப்பிடுகிறவன். ரீலுக்கு இவ்வளவு வாதாடினானே!

"எனக்காக ஒரு வார்த்தை சொன்னா ஒங்க வாய் வெந்துருமா?"

"தொரை இப்பத்தான் வழிக்கு வந்திருக்காரு. கெடுக்காதே. வீட்டுக்குப் போ புள்ள."

அன்று சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த எல்லாருக்கும் கதை போய்விட்டது.

"காலை நக்குறவனைப் பாத்திருக்கேன். தூண்டிலை நக்குறவனை இப்பத்தான் கேள்விப்படுறேன்" என்றாள் பேச்சியம்மா.

அந்தப் பக்கம் போன இக்னேசியஸைப் பார்த்து வேலாயி கேட்டாள்: "என்னண்ணே, இன்னைக்கு உப்பு எப்படி?"

"இன்னைக்குச் சரியாப் போச்சு" என்று வெட்கமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனான்.

துரை கிளம்பிய அன்று கறுப்பு ரீலுக்குத் துணியில் உறை தைத்துக் கொடுத்தான். கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "தெனமும் நல்ல தண்ணியில கழுவிருங்க தொரைங்களே, மறந்துறாதீங்க" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தாய் மாதிரி சொன்னான். ராசம்மா காறித் துப்பினாள்.

இந்தத் தடவை துரை திரும்பவில்லை. ஒரு ஞாயிறு போனது, மறு ஞாயிறும் போனது. ஆள் வரவில்லை. மீன் மேல் மீனாக மாட்டுகிறதாம் என்று பங்களாவிலிருந்து சேதி வந்தது.

ராசம்மா சட்டிபானையை மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அத்தனை பேர் முன்னாலும் கணக்கப்பிள்ளை செல்லசாமி அவள் பேரைக் கூப்பிட்டார். பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை கையெழுத்துப் போட்டு அவள் பேரை மறுபடி பதிந்துவிட்டாராம்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கூட்டம் கலைந்ததும் செல்லசாமியிடம் ஓடினாள்.

"சின்னத்தொரை நூறு வருசம் நல்லா இருக்கணும் ஐயா! இந்தத் தோட்டத்துல மனுசன்னா அவரு ஒருத்தருதான். எங்க பக்கத்துக் காம்பராவுலயும் ஒண்ணு கெடக்கே..."

"நிறுத்தும்மா. சின்னத்தொரைக்கு எப்பவும் மனசு இருந்துச்சு. அதிகாரம்தான் இல்ல. பெரியவரு ஒரு வாரத்துக்கு மேல தோட்டத்துல இல்லேன்னாத்தான் இவரு கையெழுத்து செல்லும்."

"பெரியவரு வந்து மறுபடி வெட்டிட்டாருன்னா?"

"ரெண்டாந்தரம் வெட்டணும்னா கொழும்புக் கம்பெனிக்குக் காரணம் எழுதணும். நிறுவைக் கள்ளத்தை நீ தட்டிக் கேட்டேன்னு எழுதுவாரா?"

"அப்ப என் நல்ல காலம், கடல்ல மீன் மாட்டியிருக்கு."

செல்லசாமி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"காலமும் இல்ல, மீனும் இல்ல. 'பெரிய தொரையைக் கடல்லயே நிறுத்தி வைக்கிறது எம் பொறுப்பு, அந்தப் புள்ள பேரைப் பதியிறது ஒங்க பொறுப்பு'ன்னு, கடையிலருந்து ரீலு வர்றதுக்கு முன்னாடியே சின்னத்தொரைகிட்டப் போய் நின்னவன் ஒன் பக்கத்துக் காம்பராக்காரன்தான்."