திரே! திரே!

வைத்திக்குப்பத்து மணலில் பழைய நாலு வீல் டிரைவ் வண்டி புதைந்து நிற்கிறது. ஏறிவரும் கடல் பின் டயரை நக்கிவிட்டுப் போகிறது. முன்பக்கத்து ஒற்றைச் சக்கரம் மட்டும் வெறிபிடித்துச் சுற்றி மணலை வாரி இறைக்கிறது. முன்னையும் பின்னையும் சேர்த்துப் பூட்டும் லீவரை இழுத்தால்தான் நாலும் சேர்ந்து சுற்றும். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற கன்னியப்பன், முழங்காலிட்டுத் தன் வண்டியின் அடியைப் பார்த்தபடி கத்துகிறார். "திரே! திரே!" ஸ்டியரிங்கில் இருக்கும் மெக்கானிக் அரிகிருஷ்ணன் லீவரை இழுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கத்தல்தான், பதறிப்போய்க் கீழே அமுக்கிப் பூட்டைத் திறந்தே வைத்துவிடுகிறான். மறுபடி அதே சக்கரம், அதே மணல் மழை.

மீன்கூடையோடு நிற்கும் ராஜாம்பாள் கன்னியப்பனைப் பார்த்துச் சிரிக்கிறாள். "நாலு வீலுன்னு பீத்திக்கினியே, மீதி மூணும் லீவா?"

"திரேடா!"

"தொறந்துதான் மிசியே வச்சிருக்கேன்! பூட்டுனா ஏறிடும், வுடமாட்டேங்கிறீங்களே!"

கன்னியப்பன் விறைத்துப் போகிறார். "தொறக்கவாடா சொன்னேன்? பிரெஞ்சுல திரேன்னா இழு!"

"அத்த தமிழ்ல சொல்றதுக்கு என்னா?" அரிகிருஷ்ணன் லீவரை வெடுக்கென்று இழுக்கிறான். டாஷ்போர்டில் பூட்டு விளக்கு எரிகிறது. அதே நொடியில் பெரிய அலையொன்று கதவேறி வந்து அவன் மடியில் உட்காருகிறது. எஞ்சின் ஒருமுறை விக்கி, நின்றுபோகிறது.